உப்புக்குப் பயப்படும் தங்கம்

ஒரு சின்னக் கண்ணாடிப் புட்டியில் தங்கத் துகள்கள் மிதக்கும் நீர் இருக்கிறது. பார்த்தால் தங்கம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மாதுளைச் சாற்றில் தண்ணீர் கலந்தது போன்ற சிவப்பு. உள்ளே இருக்கும் ஒவ்வொரு துகளும் சுமார் 15 நானோமீட்டர். ஒரு தலைமுடியின் குறுக்கே ஐயாயிரம் துகள்களை வரிசையாக அடுக்கலாம். மாதக்கணக்கில் அலமாரியில் வைத்தாலும் அந்தச் சிவப்பு மாறாது. இப்போது அதில் உப்புத் தண்ணீர் சில சொட்டு விடுங்கள். சிவப்பு ஊதாவாகும், ஊதா நீலமாகும், எல்லாம் சில நொடிகளில். விட்டுவிட்டு அப்புறம் வந்து பார்த்தால் மேலே தெளிந்த நீர், அடியில் கறுப்பு வண்டல்.

நம் ரத்தமும் உப்புத் தண்ணீர்தான். மருத்துவமனையில் ஏற்றும் சலைனில் 0.9 சதவீதம் உப்பு. ரத்தத்தின் உப்புத்தன்மையும் ஏறக்குறைய அதுவே. ஆக, ஆய்வகத்தில் எவ்வளவு அழகாகத் தங்கத் துகளைச் செய்து வைத்திருந்தாலும், வெறும் மேனியாக ரத்தத்தில் இறக்கினால் அது நாம் செய்த துகளாக நீடிக்காது. ஒன்றோடொன்று ஒட்டித் திரளும், இல்லையென்றால் ரத்தத்தில் இருக்கும் புரதங்கள் வந்து மூடிக்கொள்ளும்.

தங்கத் துகளைக் கட்டிக்குள் அனுப்பி, லேசரால் சூடாக்கி, புற்றுச் செல்களைச் சுட்டுக் கொல்லும் சிகிச்சையைப் பற்றிச் செய்திகள் வரும்போதெல்லாம் தங்கமும் லேசரும்தான் பேசப்படுகின்றன. இரண்டுமே கண்ணைப் பறிப்பவை, சரி. ஆனால் இந்தத் துறையில் இருபது வருடங்களாக மூளையைக் கசக்க வைப்பது அவை இரண்டும் அல்ல. அந்தத் துகளின் மேல் போர்த்தும் சில நானோமீட்டர் தடிமனுள்ள உறைதான்.

உறையின் அருமை புதிதாகத் தெரிய வந்ததும் இல்லை. 1857-இல் லண்டன் ராயல் சொசைட்டியில் மைக்கேல் ஃபாரடே தங்கத்துக்கும் ஒளிக்கும் உள்ள உறவைப் பற்றி உரையாற்றினார். தங்க உப்பைப் பாஸ்பரஸால் ஒடுக்கி மாணிக்கச் சிவப்பில் திரவம் செய்தவர் அவர். உப்பு சேர்ந்தால் அந்தச் சிவப்பு நீலமாவதைக் கண்டவரும் அவரே. அவர் செய்த புட்டிகள் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் இன்னமும் இருக்கின்றன, சிவப்பு மாறாமல். பிறகு வேதியியலாளர் ரிச்சர்ட் சிக்மாண்டி வந்தார். தங்கக் கரைசலில் கொஞ்சம் ஜெலட்டின் கலந்துவிட்டால் உப்பு போட்டாலும் நிறம் மாறாது என்பதை எடுத்துக்கொண்டு, எந்தப் பொருள் எவ்வளவு நன்றாகக் காக்கிறது என்று அளக்க ஒரு முறையையே உருவாக்கினார். பிளஸ் டூ வேதியியல் படித்தவர்களுக்குத் ‘தங்க எண்’ நினைவிருக்கும்: 10 மில்லிலிட்டர் தங்கக் கூழ்மத்தில் 1 மில்லிலிட்டர் 10 சதவீத உப்புக் கரைசலை ஊற்றும்போது, திரளாமல் தடுக்கத் தேவையான பாதுகாப்புக் கூழ்மத்தின் அளவு, மில்லிகிராமில். ஜெலட்டினுக்கு 0.005 முதல் 0.01 வரை. ஸ்டார்ச்சுக்கு அதைப் போல ஆயிரக்கணக்கான மடங்கு. இரண்டு மதிப்பெண் கேள்விக்காக மனப்பாடம் செய்துவிட்டு மறந்துபோன அந்த வரையறைதான் இன்றைய நானோ மருத்துவத்தின் முதல் பரீட்சை. பெயர் மாறியிருக்கிறது, கேள்வி மாறவில்லை: இந்த உறை போட்ட தங்கம் உப்பைத் தாங்குமா?

சரி, தங்கம் ஏன், ஒளி ஏன் என்பதையும் பார்த்துவிடலாம்.

தங்கத்துக்குள் தளையில்லாமல் அலையும் எலெக்ட்ரான்கள் ஏராளம். துகள் ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறியதாக இருக்கும்போது, ஒளி வந்து மோதினால் அந்த எலெக்ட்ரான்கள் எல்லாம் சேர்ந்து ஒரே தாளத்தில் முன்னும் பின்னும் ஆடும். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளினால் உயர உயரப் போகிறதே, அதுபோல ஒரு குறிப்பிட்ட அலைநீளத்தில் இந்த ஆட்டம் உச்சத்துக்குப் போகும். இதைப் பிளாஸ்மான் ஒத்ததிர்வு என்கிறார்கள். சின்ன உருண்டைகளுக்கு அந்த உச்சம் 520 நானோமீட்டர் பக்கம், அதாவது பச்சை. பச்சையை விழுங்கிவிட்டு மீதியை விடுவதால் நமக்குச் சிவப்பு தெரிகிறது. ஜெர்மன் இயற்பியலாளர் குஸ்டாவ் மீ 1908-இல் இதைக் கணக்குப் போட்டே காட்டிவிட்டார். துகள் விழுங்கிய ஒளி வேறெங்கும் போவதில்லை. கண நேரத்தில் வெப்பமாகிச் சுற்றிலும் பரவுகிறது. சிகிச்சைக்கு வேண்டியது இந்த வெப்பம்தான்.

பச்சை ஒளியை வைத்துக்கொண்டு உடம்புக்குள் ஒன்றும் செய்ய முடியாது. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, கைபேசியின் டார்ச்சை விரலால் மூடிப் பாருங்கள். விரல் சிவப்பாக ஒளிரும். வெள்ளை ஒளியிலிருந்த நீலத்தையும் பச்சையையும் ரத்தத்தின் ஹீமோகுளோபின் குடித்துவிட்டது. சிவப்பு மட்டும் தப்பி வந்திருக்கிறது. சிவப்பையும் தாண்டி, கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்புக்குப் போனால் இன்னும் நல்லது. ஏறக்குறைய 650 முதல் 900 நானோமீட்டர் வரை ரத்தமும் அதிகம் விழுங்காது, நீரும் அதிகம் விழுங்காது. திசுவுக்கு இருக்கும் ஜன்னல் அது. அதனால் தங்கத்தின் உச்சத்தை 520-இலிருந்து 800 பக்கம் நகர்த்தியாக வேண்டும். உருண்டையைப் பெரிதாக்கினால் கொஞ்சம்தான் நகரும், போதாது. வடிவத்தை மாற்ற வேண்டும்.

இரண்டு வடிவங்கள் முன்னுக்கு வந்தன. அமெரிக்காவின் ஹூஸ்டனில் ரைஸ் பல்கலைக்கழகத்தில் நவோமி ஹாலஸ் குழு 1990-களின் கடைசியில் செய்தது நானோ ஓடு. நடுவில் சிலிக்கா உருண்டை, மேலே மெல்லிய தங்கத் தகடு. ஓடு மெலிய மெலிய உச்சம் அகச்சிவப்பு நோக்கி நகரும். சுமார் 120 நானோமீட்டர் சிலிக்காமேல் பத்துப் பதினைந்து நானோமீட்டர் தங்கம் என்றால் 800 அருகே வந்து நிற்கும். அதே இடத்தில் ஜெனிஃபர் வெஸ்ட் உடன் சேர்ந்து 2003-இல் இதைப் புற்றுக்கட்டியில் சூடேற்றிக் காட்டினார்கள். இன்னொன்று நானோ குச்சி. நீளம் அகலத்தைப் போல நான்கு மடங்கு இருந்தால் உச்சம் 800 பக்கம் வரும். அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில் மோஸ்தஃபா எல்-சயீத் குழு 2006-இல் குச்சிகளை வைத்துப் புற்றுச் செல்களைப் படம் பிடித்தது, அதே குச்சிகளால் சுட்டும் காட்டியது.

உறை என்ன பாடுபடுத்தும் என்பதற்கு இந்தக் குச்சியைச் செய்யும் விதத்தைவிட நல்ல உதாரணம் இல்லை. அதனால் அதைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம்.

தங்கத்தை அதன் போக்கில் விட்டால் உருண்டையாகத்தான் வளரும். குச்சியாக வளர வைக்கும் வழியை அமெரிக்க வேதியியலாளர் காதரின் மர்ஃபி குழு 2001-இல் சொன்னது. எல்-சயீத் குழு 2003-இல் அதை மெருகேற்றியது. முதலில் விதை செய்ய வேண்டும். தங்க உப்போடு சி.டி.ஏ.பி. என்ற சோப்பு வகைப் பொருளைக் கலந்து, ஐஸில் குளிர்ந்த சோடியம் போரோஹைட்ரைடைச் சட்டென்று ஊற்றிக் கலக்கினால் நீர் டீ நிறத்துக்கு வரும். அதுதான் விதை. இன்னொரு பாத்திரத்தில் தங்க உப்பு, சி.டி.ஏ.பி., துளி வெள்ளி நைட்ரேட். ஆரஞ்சு மஞ்சள் நிறம். அதில் அஸ்கார்பிக் அமிலம், அதாவது நம்ம வைட்டமின் சி, விட்டால் மஞ்சள் மறைந்து நீர் பளிங்கு போல் ஆகிவிடும். இப்போது சில மைக்ரோலிட்டர் விதை. உடனே ஒன்றும் நடக்காது. கால் மணி நேரம் போல் பொறுமையாக இருந்தால் வெறும் நீரிலிருந்து நிறம் மெல்ல ஊறி வரும். கடைசியில் செம்பழுப்பாக நிற்கும். சி.டி.ஏ.பி.க்குக் குளிர் ஆகாது. ஏ.சி. அதிகமாக வைத்த அறையில் விட்டால் வெள்ளை வெள்ளையாகப் படிகமாகிவிடும். அதனால் எல்லாவற்றையும் 27-லிருந்து 30 டிகிரிக்குள் வெந்நீர்த் தொட்டியில் வைத்துத்தான் செய்வார்கள். சில கம்பெனிகளின் சி.டி.ஏ.பி.யில் செய்தால் குச்சியே வராமல் வெறும் உருண்டையாக வந்து பலரைக் குழப்பியது. டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் பிரையன் கோர்கெல் குழு தோண்டித் துருவி, அந்தப் பொடியில் கலப்படம் போல இருந்த நுண்ணளவு அயோடைடுதான் காரணம் என்று கண்டுபிடித்தது.

குச்சி ஏன் குச்சியாக வளர்கிறது? வெள்ளியும் சி.டி.ஏ.பி.யும் துகளின் பக்கவாட்டில் கெட்டியாக ஒட்டிக்கொள்வதால், புதுத் தங்கம் முனைகளில்தான் அதிகம் சேர முடிகிறது. ஆக, குச்சிக்கு வடிவத்தைக் கொடுத்ததே அதன் முதல் உறை. அந்த உறைதான் விஷமும். சி.டி.ஏ.பி. நேர்மின்னேற்றம் உள்ள சோப்பு. செல்லின் சவ்வோ கொழுப்பால் ஆனது. பாத்திரத்து எண்ணெயைச் சோப்பு கரைப்பது போல அது சவ்வைக் கரைத்துவிடும். புற்றுச் செல், நல்ல செல் என்ற பேதம் அதற்குக் கிடையாது.

கழுவிவிட வேண்டியதுதானே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, மேல்நீரைக் கொட்டி, புதுநீர் ஊற்றிக் கழுவுவார்கள். ஒரு தடவை, சரி. இரண்டு தடவை, பரவாயில்லை. அதற்கு மேல் கழுவினால் பல சமயம் குச்சிகளை விலக்கி வைக்க மேலே சி.டி.ஏ.பி. மிச்சமிருக்காது; குழாயின் சுவரில் கறுப்பு ஊதாவாக ஒரு படலம் அப்பிக்கொள்ளும். ஒரு வாரத்து வேலை போச்சு. குறைவாகக் கழுவினால் விஷம் மிச்சம், அதிகமாகக் கழுவினால் துகள் திரளும். பழைய சட்டையைக் கழற்றும் முன்பே புதுச் சட்டையை மாட்டிவிட வேண்டும், நடுவில் ஒரு நொடிகூட வெறும் மேனியாக இருக்கக் கூடாது என்பது போன்ற வேலை இது. இந்தத் துறையில் தொடக்கத்தில் வந்த ‘தங்கக் குச்சி செல்லைக் கொல்கிறது’ என்ற முடிவுகளை எச்சரிக்கையாகப் படிக்க வேண்டியதும் இதனால்தான். கொன்றது லேசரின் வெப்பமா, ஒட்டிக்கொண்டு வந்த சோப்பா என்று பிரித்துக் காட்டாத முடிவு முடிவே இல்லை. லேசர் இல்லாமல் துகள் மட்டும், துகள் இல்லாமல் லேசர் மட்டும் என்று தனித்தனியே பார்த்திருக்கிறார்களா என்று தேடுங்கள்.

மாட்டும் புதுச் சட்டை பெரும்பாலும் பெக். பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற நீண்ட சங்கிலி மூலக்கூறு. அதன் ஒரு முனையில் கந்தகம் உள்ள தயால் கொக்கியை வைத்துவிடுவார்கள். தங்கத்துக்கும் கந்தகத்துக்கும் அப்படி ஒரு பிடிப்பு, சி.டி.ஏ.பி.யைத் தள்ளிவிட்டு அந்தக் கொக்கி மாட்டிக்கொள்ளும். மறுமுனை நீரில் புல் போல ஆடிக்கொண்டிருக்கும். அதற்கு மின்னேற்றம் கிடையாது. நீரை இறுகப் பிடித்து வைத்துக்கொள்ளும். இரண்டு துகள்கள் நெருங்கினால் இரண்டின் புல்வெளியும் ஒன்றுக்குள் ஒன்று நுழைய இடமில்லாமல் தள்ளிவிடும். ரத்தத்தில் உள்ள அளவு உப்பு இருந்தாலும் இந்தத் தள்ளல் குறையாது, ஏனென்றால் இது மின்னேற்றத்தை நம்பிய தள்ளலே அல்ல. சிட்ரேட் என்ற பொருளின் மின்னேற்றத்தை மட்டும் நம்பி விலகி நிற்கும் தங்கம், உப்பு அந்த மின்னேற்றத்தை மறைத்ததும் நீலமாவதும், பெக் போர்த்திய தங்கம் அதே உப்பில் சிவப்பாகவே நிற்பதும் இதனால்தான்.

இந்தப் புல் எவ்வளவு அடர்த்தியாக நட்டிருக்கிறது என்பதும் முக்கியம். இடைவெளி விட்டு நட்டால் ஒவ்வொரு சங்கிலியும் காளான் குடை மாதிரி சுருண்டு படுத்துவிடும். நடுவில் வெற்றுத் தங்கம் தெரியும், புரதம் அங்கே வந்து உட்காரும். நெருக்கி நட்டால் பக்கத்துச் சங்கிலிகள் நெருக்குவதால் எல்லாம் நிமிர்ந்து தூரிகை போல நிற்கும். 5,000 டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) எடையுள்ள பெக்கைப் பலரும் பயன்படுத்துகிறார்கள். இன்னும் நீளமாக்கினால் காப்பு கூடும். ஆனால் துகளும் பருத்துவிடும், அதே பரப்பில் நடக்கூடிய சங்கிலிகளும் குறையும்.

கொக்கியும் நிரந்தரமில்லை. நம் செல்களுக்குள் குளூட்டாத்தயோன் என்ற பொருள் மில்லிமோலார் அளவில் நிறைந்திருக்கிறது. அதிலும் கந்தகம் உண்டு. பெக்கின் கொக்கியை இடித்துத் தள்ளிவிட்டு அது வந்து உட்கார்ந்துகொள்ளும். மருந்தைச் சுமந்து போகும் துகளுக்கு இது நல்லதுகூட, செல்லுக்குள் போனதும் மருந்து அவிழும். உறை நிலைத்திருக்க வேண்டும் என்பவருக்கு இது தலைவலி. அப்படிப்பட்டவர்கள் தங்கத்தைச் சுற்றிச் சிலிக்கா ஓடு போடுகிறார்கள். கண்ணாடி மாதிரிதான், அதைக் கழற்ற முடியாது. சிலிக்காவுக்கு இன்னொரு லாபமும் உண்டு. பலமான துடிப்பு லேசர் பட்டால் தங்கக் குச்சி உருகிக் குறுகி உருண்டையாகிவிடும். உருண்டையானால் உச்சம் பழையபடி 520-க்குப் போய்விடும், அப்புறம் 800 நானோமீட்டர் லேசர் அதைக் கண்டுகொள்ளாது. அடுப்பு எரியும்போதே அணைந்துவிடும் கதை. சிலிக்கா ஓடு குச்சியை வடிவம் குலையாமல் தாங்கிப் பிடிக்கிறது.

இதுவரை சொன்னதெல்லாம் புட்டிக்குள். ரத்தத்தில் இறங்கியதும் வேறு உலகம்.

அரை நிமிடத்துக்குள் நூற்றுக்கணக்கான வகைப் புரதங்கள் துகளை மொய்த்துவிடுகின்றன. நாம் என்ன உறை போட்டோமோ அது உள்ளே போய்விடுகிறது. உடம்பு பார்ப்பது இந்தப் புரதப் போர்வையைத்தான். அதில் சில புரதங்கள் ‘இது அந்நியப் பொருள், பிடி’ என்று முத்திரை குத்துபவை. கல்லீரலில் ரத்தம் மெதுவாக ஓடும் நுண்குழாய்களின் ஓரத்தில் குஃப்பர் செல்கள் காத்திருக்கும். முத்திரை குத்திய துகளைக் கண்டால் விழுங்கிவிடும். மிச்சத்தை மண்ணீரல் பார்த்துக்கொள்ளும். பெக் இதைத் தாமதப்படுத்துகிறது, தடுப்பதில்லை. வெறும் துகள் சில நிமிடங்களில் மறைந்தால், பெக் போட்டது மணிக்கணக்கில் ஓடும். கட்டியை அடைய அந்த மணிக்கணக்கு வேண்டும்.

கனடாவின் டொரான்டோ பல்கலைக்கழகத்தில் வாரன் சான் குழு, முந்தைய பத்து வருடங்களில் வந்த ஆய்வுக் கட்டுரைகளை வரிசையாக எடுத்து, ஊசி போட்ட துகள்களில் எத்தனை கட்டிக்குள் போய்ச் சேர்ந்தன என்று 2016-இல் கணக்குப் பார்த்தது. இடைநிலை மதிப்பு 0.7 சதவீதம். ஆயிரம் துகள்கள் அனுப்பினால் ஏழு. அந்த எண் வந்தபோது இந்தத் துறை ஒரு நிமிடம் மௌனமானது என்றே சொல்ல வேண்டும். நான் இதை ஏமாற்றமாகப் பார்க்கவில்லை. எங்கே நிற்கிறோம் என்று தெரியாமல் ஓடிக்கொண்டிருப்பதைவிட, தெரிந்து நிற்பது எவ்வளவோ மேல்.

அதுவரை எல்லோரும் நம்பியது இதுதான்: கட்டி அவசர அவசரமாக வளர்வதால் அதன் ரத்தக் குழாய்ச் சுவரில் ஓட்டைகள் இருக்கும், துகள் அதன் வழியே தானாகக் கசிந்து உள்ளே போகும். ஜப்பானில் மட்சுமுராவும் மயேதாவும் 1986-இல் சொன்னது. டொரான்டோ குழு 2020-இல் எலிகளின் கட்டிகளை நுணுக்கமாகப் பார்த்தபோது ஓட்டைகள் மிகக் குறைவு என்றும், உள்ளே போன துகள்களில் 97 சதவீதம் வரை குழாய்ச் சுவரின் செல்களே எடுத்து அந்தப் பக்கம் கடத்தியவை என்றும் தெரிந்தது. உறை வடிவமைப்பவருக்கு இது தலைகீழ் மாற்றம். ஓட்டை வழியே கசிய வேண்டுமென்றால் சின்னதாக, எதிலும் ஒட்டாமல் இருந்தால் போதும். ஒரு செல் எடுத்துக் கடத்த வேண்டுமென்றால் அந்தச் செல்லுக்குப் பிடித்த ஏதோ ஒன்று உறையின் மேல் இருக்க வேண்டும். அதே வருடம் அதே குழு இன்னொன்றும் சொன்னது: எலிக்கு ஒரே நேரத்தில் ஒரு லட்சம் கோடிக்கு மேல் துகள்களை அனுப்பினால் குஃப்பர் செல்களுக்குக் கை ஓயாது, அந்தத் திணறலில் கட்டிக்குப் போகும் பங்கு 12 சதவீதம் வரை ஏறுகிறது.

புற்றுச் செல்லை மட்டும் தேடிப் பிடிக்க உறையின் நுனியில் எதிர்ப்புரதத்தையோ (ஆன்டிபாடி) ஃபோலிக் அமிலத்தையோ கட்டிவிடுவது அடுத்த யோசனை. சில புற்றுச் செல்களின் மேல் இ.ஜி.எஃப்.ஆர். என்ற ஏற்பிப் புரதம் மண்டிக் கிடக்கும். அதைப் பிடிக்கும் எதிர்ப்புரதம் போட்டால் துகள் அங்கே ஒட்டும். தட்டில் வளர்த்த செல்களில் இது அருமையாக வேலை செய்கிறது. உடம்பில் அவ்வளவு இல்லை. காரணம் அந்தப் புரதப் போர்வைதான்: நாம் நீட்டிய கையை அது மூடிவிடும். கையை நீளமாக நீட்டினால் கல்லீரலும் பிடித்துக்கொள்ளும். ஒளிந்து போகவும் வேண்டும், போன இடத்தில் முகம் காட்டவும் வேண்டும். ஒரே உறை இரண்டையும் செய்ய வேண்டும் என்று கேட்பதில்தான் இந்தத் துறையின் கஷ்டம் மொத்தமும் அடங்கியிருக்கிறது. பெக்குக்கு எதிராகவே பலருடைய ரத்தத்தில் எதிர்ப்புரதங்கள் இருப்பதும் இப்போது தெரிந்துவிட்டது. அழகுப் பொருட்களிலும் மருந்துகளிலும் பெக் நிறையப் புழங்குகிறது அல்லவா. அதனால் சிலர் சிவப்பணுக்களின் சவ்வையே உரித்து எடுத்து, துகளுக்கு மேலே போர்த்துகிறார்கள். சிவப்பணு மாதங்கள் கணக்கில் ரத்தத்தில் சுற்றுகிறது, யாரும் தொடுவதில்லை. அதன் தோலைப் போர்த்திக்கொண்டு போனால்? கலிஃபோர்னியாவின் சான் டியேகோவில் 2011-இல் பிளாஸ்டிக் நானோதுகளில் தொடங்கிய இந்த வழி பிறகு தங்கத்துக்கும் வந்தது.

எல்லாவற்றையும் தாண்டிக் கட்டிக்குள் போய்ச் சேர்ந்த துகள் என்ன செய்யும்? லேசர் படும்போது சூடாகும். எவ்வளவு சூடு என்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. 43 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் அதே அளவு சேதத்துக்குத் தேவையான நேரம் பாதியாகும். 43-இல் ஒரு மணி நேரம் செய்வதை 46-இல் ஏழரை நிமிடம் செய்துவிடும். 50-இல் கணக்குப்படி அரை நிமிடம். 60-ஐத் தொட்டால் முட்டை வெந்தது போல புரதம் உடனே கெட்டியாகிவிடும். அதனால் கட்டியின் நடுவில் சூடு போதுமா என்பதைவிட, ஓரத்தில் போதுமா என்பதுதான் கேள்வி. ஓரத்தில் தப்பிய செல்தான் திரும்ப வரும்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். 808 நானோமீட்டர் லேசர் தோலில் படலாம் என்று பாதுகாப்பு விதி அனுமதிக்கும் அளவு சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 0.33 வாட். எலி ஆய்வுகள் பலவற்றில் 1 வாட், 2 வாட் என்று அடித்திருப்பதைப் பார்க்கலாம். எலியின் கட்டி தோலுக்கடியிலேயே, கடலை அளவில் இருக்கும். மனிதனின் கணையத்தில் இருக்கும் கட்டிக்கு வெளியிலிருந்து இந்த ஒளி எட்டாது; ஒளி பயனுள்ள அளவில் போவது மில்லிமீட்டர் கணக்கில், மிஞ்சிப் போனால் ஒரு சென்டிமீட்டர் சொச்சம். ‘எலிகளில் கட்டி மறைந்தது’ என்று ஒரு வரியைப் படித்துவிட்டு, வீட்டில் நோயாளியை வைத்துக்கொண்டு இரவெல்லாம் இணையத்தில் தேடுபவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காக எழுதுபவர்கள் லேசரின் பலம், ஒளி எட்டும் ஆழம் என்ற இந்த இரண்டு எண்களையும் விட்டுவிடக் கூடாது.

மனிதர்களிடம் வந்த முயற்சி இந்த எல்லையை மதித்தே வந்தது. ஹாலஸும் வெஸ்டும் உருவாக்கிய நானோ ஓடு, பெக் போர்த்தி, மொத்தம் சுமார் 150 நானோமீட்டர். நியூயார்க்கின் மவுன்ட் சினாய் மருத்துவமனையில் புரோஸ்டேட் புற்று உள்ள ஆண்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். முந்தைய நாள் ரத்தக் குழாய் வழியே துகளை ஏற்றிவிட்டு, மறுநாள் ஸ்கேன் படத்தைப் பார்த்தபடி மெல்லிய ஒளியிழையைக் கட்டிக்குள்ளேயே செருகி லேசரை ஓட்டினார்கள். வெளியிலிருந்து ஒளியை அனுப்பும் கவலையே இல்லை. துகள் இல்லாத திசுவைச் சுடாத அளவுக்கு லேசரின் பலம் குறைத்து வைக்கப்பட்டிருந்தது. 2019-இல் முதல் முடிவுகள் வெளியாயின: பதினாறு பேரில் பதினைந்து பேருக்குச் சிகிச்சை முழுமையாக முடிந்தது, சிறுநீர் கழிப்பதிலும் தாம்பத்தியத்திலும் மூன்று மாதத்துக்குப் பிறகு குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. ஒரு வருடம் கழித்துத் திசு எடுத்துப் பார்த்தபோது, சுட்ட இடத்தில் பெரும்பாலானோருக்குப் புற்று இல்லை. சின்ன எண்ணிக்கை, ஆரம்ப நிலைப் புற்று, ஒப்பிட இன்னொரு குழு இல்லை. இருந்தாலும் புரோஸ்டேட் அறுவைக்குப் பிறகு சிறுநீர் அடக்க முடியாமல் அவதிப்படுபவர்களைப் பார்த்தவர்களுக்கு அந்த மூன்று மாத வரி எவ்வளவு பெரியது என்று புரியும். கவனியுங்கள், இங்கே உறையின் நுனியில் எதிர்ப்புரதம் எதுவும் இல்லை. வெறும் பெக். குறிபார்க்கும் வேலையை மருத்துவரின் கையில் இருந்த இழை செய்தது.

நம் ஊரில் இதைப் படிக்கும்போது தங்கபஸ்பம் ஞாபகம் வராமல் இருக்காது. இரண்டும் ஒன்றல்ல. பஸ்பத்திலும் நானோ அளவுத் துகள்கள் இருப்பதை நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறார்கள், உண்மை. ஆனால் ஒரே அளவு, ஒரே வடிவம், 800-இல் உச்சம், மேலே எண்ணி நட்ட பெக் என்பதெல்லாம் இல்லாமல் லேசருக்கு அது வெறும் பொடி. வாய் வழியே சாப்பிட்ட தங்கம் கட்டியைத் தேடிப் போய்ச் சூடாகாது.

இன்னும் ஒரு கணக்கு தீரவில்லை: வேலை முடிந்த தங்கம் எங்கே போகும்? 150 நானோமீட்டர் ஓடு சிறுநீரகத்தின் வடிகட்டியில் நுழையாது. அதன் வாசல் சுமார் 5.5 நானோமீட்டர். கட்டிக்குப் போகாத பெரும்பகுதி கல்லீரலில் மாதக்கணக்கில் தங்கிவிடும். தங்கம் எதோடும் எளிதில் வினைபுரியாது என்பதால் உடனடிக் கேடு தெரியவில்லை. ஆனால் இளம் வயது நோயாளிக்கு நாற்பது வருடம் கல்லீரலில் தங்கம் கிடக்கட்டும் என்று சொல்ல யாருக்கும் மனம் வராது. அப்படியென்றால் 5 நானோமீட்டருக்குள் செய்துவிடலாமே என்றால், அவ்வளவு சின்ன உருண்டைக்கு 800-இல் உச்சம் கிடையாது. டெக்சஸின் ஆஸ்டினில் ஒரு குழு 2010-இல் இதற்கு ஒரு வழி காட்டியது. 5 நானோமீட்டர் உருண்டைகளை உடம்பில் கரையக்கூடிய பாலிமரால் கொத்தாகக் கட்டினார்கள். நெருக்கமாகக் கட்டினால் கொத்துக்கு அகச்சிவப்பில் உச்சம் வந்துவிடுகிறது. புட்டியில் உப்பு போட்டபோது சிவப்பு நீலமானதே, அதே நெருக்கம், அளவோடு. செல்லுக்குள் போனபின் பாலிமர் மெல்லக் கரைய, கொத்து அவிழ்ந்து மறுபடி சின்ன உருண்டைகளாகிறது. சிறுநீரகத்தின் வாசலுக்குள் நுழையும் அளவு. சிக்மாண்டி காலத்திலிருந்து எல்லோரும் உறை எவ்வளவு நாள் தாங்கும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். இவர்கள் கேட்டது, வேலை முடிந்த எத்தனையாவது நாள் அது விட்டுவிட வேண்டும் என்று.